வாடகை வீட்டுக் குளியலறை: எது அழுக்கு, எது பழுது, எது வெறும் அழகுக்குறை?

நான் குடியிருந்த இரண்டாவது வாடகை வீட்டில், வாஷ்பேசினுக்குப் பக்கத்துச் சுவர் பார்க்கச் சகிக்காது. பெயின்ட் உப்பி, மஞ்சளாகக் கறை படிந்திருக்கும். குடிபோன முதல் வாரமே பளிங்கு மாதிரி அச்சடித்த ஸ்டிக்கர் ஷீட் ஒரு ரோல் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒட்டினேன். இரண்டு மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் ஒரு மூலை பிரிந்தது, ஈர வாடை வந்தது. உரித்துப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கக் கருப்புப் பூஞ்சை. சுவருக்குள் போகும் குழாயில் மெல்லிய கசிவு இருந்திருக்கிறது. அந்தச் சுவர் கொஞ்சமாவது காய்ந்துகொண்டிருந்த வழியையும் நான் அடைத்துவிட்டேன். முதல் வாரமே வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தால் ஒரு இணைப்பை மாற்றுவதோடு முடிந்திருக்கும். கடைசியில் சுவரையே உடைக்க வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து, எது கண்ணை உறுத்தினாலும் அதை மறைக்கப் பொருள் வாங்கும் முன்னால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று பார்ப்பேன். காரணம் அநேகமாக மூன்றில் ஒன்றாக இருக்கும். தண்ணீர் விட்டுப்போன படிவு என்றால் சுத்தம் செய்தால் போய்விடும். பழுது என்றால் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். மூன்றாவதுதான் நிஜமான அழகுக்குறை: நிறம், வெளிச்சம், பழைய பாணி. கையிலிருக்கும் காசை இந்த மூன்றாவதுக்காகத்தான் வைத்திருக்க வேண்டும். கீழே உள்ளவற்றில் உங்கள் குளியலறையில் தெரியும் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போய்ப் படியுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு வேலை. குளியலறையின் ஒவ்வொரு மூலையையும், ஏற்கனவே உள்ள விரிசல், கறை, துருவோடு சேர்த்துப் படம் எடுத்து, தேதி தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் திரும்ப வாங்கும் நாளில் இந்தப் படங்கள் பேசும். இன்னொன்று, ஒரு காலி அட்டைப்பெட்டி. கழற்றும் பழைய பல்பு, ஷவர் தலை, ஸ்க்ரூ எல்லாம் அதற்குள், எங்கிருந்து கழற்றியது என்று எழுதி ஒட்டிய கவரில் போக வேண்டும்.

அறிகுறி: குழாய், டைல்ஸ், கண்ணாடிக் கதவில் வெள்ளைப் படலம்

பல குளியலறைகள் பழசாகத் தெரிவதற்கு முதல் காரணம் இதுதான். மாற்றியே ஆக வேண்டும் என்று நினைக்கிற குழாய் பல சமயம் இந்தப் படலத்துக்கு அடியில் புதிதாகவே இருக்கும். உப்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், தண்ணீர் காயும்போது கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புப் படிவாக, அங்கேயே தங்கிவிடுகிறது. குளிக்கிற சோப்பு அதே கால்சியத்தோடு சேர்ந்தால் பிசுபிசுப்பான சாம்பல் நிறப் படலம் உண்டாகும். சோப்புத்தூள் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் சுண்ணாம்புப் படிவு அசையாது. அதைக் கரைப்பது புளிப்பு.

வெள்ளை வினிகர் போதும். நான் விரும்புவது சிட்ரிக் ஆசிட் தூள்: 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி. கடுமையான வாடை கிடையாது. குழாய் மாதிரி நேராக நிற்கும் பொருள்களில் கரைசல் வழிந்து ஓடிவிடும் என்பதால், டிஷ்யூ காகிதத்தை நனைத்துச் சுற்றி வைத்துவிடுங்கள். 15 நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் படிவு இளகியிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடையுங்கள். தடித்த படிவு ஒரே தடவையில் போகாது. இரவு முழுக்க ஊறவைப்பதை விட, குறைந்த நேரமாக இரண்டு மூன்று முறை செய்வதுதான் முலாமுக்கு நல்லது. கருப்பு, தங்க நிறப் பூச்சுள்ள குழாய் என்றால் முதலில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சோதித்துப் பாருங்கள்.

மார்பிள் மேல் மட்டும் எந்தப் புளிப்பையும் விடாதீர்கள். அந்தக் கல்லே கால்சியம் கார்பனேட்தான். படிவோடு சேர்த்துக் கல்லின் பளபளப்பையும் ஆசிட் தின்றுவிடும். டைல்ஸ் இடுக்குகளில் இருப்பது பெரும்பாலும் சிமென்ட். அங்கே வேலை செய்யும் முன் வெறும் தண்ணீரால் நன்றாக நனைத்துவிட்டால், ஆசிட்டை அது அவ்வளவாக உறிஞ்சாது. டாய்லெட் கழுவ விற்கும் கடுமையான ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை டைல்ஸிலும் குழாயிலும் ஊற்றுகிறார்கள். வேண்டாம். ஒரு நாள் பளிச்சென்று இருக்கும். அப்புறம் இடுக்கு கரைந்து, குழாயின் முலாம் கறுத்து, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் அழுக்குப் பிடிக்கும்.

வினிகரையும் பேக்கிங் சோடாவையும் ஒன்றாகக் கலக்கச் சொல்வார்கள். நுரை பொங்குவதைப் பார்க்க ஏதோ பெரிய வேலை நடப்பது போலத் தெரியும். ஆனால் ஒன்று மற்றொன்றை முறித்துவிடுவதால் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான். பேக்கிங் சோடாவைப் பேஸ்ட்டாக்கித் தேய்ப்பதற்கும், வினிகரைப் படிவு கரைப்பதற்கும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயில் தண்ணீர் கோணலாகவோ மெலிந்தோ வந்தால், வாயில் இருக்கும் சிறு சல்லடையைத் துணி சுற்றிக் கையால் கழற்றி இதே கரைசலில் போடுங்கள். ஷவர் தலைக்குக் கரைசல் நிரம்பிய பிளாஸ்டிக் பையைக் கட்டித் தொங்கவிடலாம். இதெல்லாம் முடிந்த பிறகு ஒரு ரப்பர் வைப்பர் வாங்கி, குளித்ததும் சுவர்த் தண்ணீரை வழித்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை. காய்வதற்கு அங்கே தண்ணீரே இல்லாதபோது படிவும் இல்லை.

அறிகுறி: ஆரஞ்சு, நீலப்பச்சை, இளஞ்சிவப்புக் கறைகள்

ஆரஞ்சும் பழுப்பும் இரும்புத் துரு. ப்ளீச் போட்டால் இரும்பு மேலும் ஆக்சிஜன் ஏறிக் கறை இறுகிவிடும். சிட்ரிக் ஆசிட் பசையை ஊறவைத்துத் துடையுங்கள். ஷேவிங் நுரை டப்பாவின் அடிப்பாகம் வட்டமாகத் துருக்கறை விடும். அடியில் ஒரு சிறு தட்டு வைத்தால் தீர்ந்தது.

நீலப்பச்சை என்றால் செம்பு. செம்புக் குழாயோ பித்தளை இணைப்போ அரிக்கிறது என்று அர்த்தம். கறையை அதே புளிப்பால் எடுக்கலாம், ஆனால் திரும்ப வந்துகொண்டே இருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

இளஞ்சிவப்பு வழவழப்பைப் பலரும் பூஞ்சை என்று நினைக்கிறார்கள். அது அநேகமாக செராஷியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியா. சோப்பு, ஷாம்பூ மிச்சத்தைத் தின்று ஈரத்தில் வளரும். தேய்த்துக் கழுவி, அந்த இடத்தைக் காயவிட்டால் போய்விடும். ஷாம்பூ பாட்டில்களைத் தரையிலிருந்து தூக்கி, அடியில் தண்ணீர் வடியும்படி வைத்தாலே பாதி குறையும்.

அறிகுறி: இடுக்குகளிலும் கூரையிலும் கருப்புப் புள்ளிகள்

இது பூஞ்சை. தேய்ப்பது சுலபம், திரும்ப வராமல் செய்வதில்தான் வேலை இருக்கிறது.

டைல்ஸ் இடுக்குக்கு முதலில் ஆக்சிஜன் ப்ளீச் தூளைச் சுடுதண்ணீரில் குழைத்துத் தடவி, 20 நிமிடம் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். அதற்கும் மசியாத புள்ளிகளுக்கும் சிலிக்கான் ஓரங்களுக்கும் சாதாரண குளோரின் ப்ளீச்: டிஷ்யூவைக் கயிறு போல முறுக்கி, ப்ளீச்சில் நனைத்து, கருத்த கோட்டின் மேல் சில மணி நேரம் படுக்க வையுங்கள். அப்படியும் கருப்பு போகவில்லை என்றால் பூஞ்சை சிலிக்கானுக்கு உள்ளேயே இறங்கிவிட்டது. அதை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டும். வீட்டுக்காரரைக் கேட்டுச் செய்யுங்கள்.

இங்கே கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ப்ளீச்சோடு வினிகர், சிட்ரிக் ஆசிட், டாய்லெட் ஆசிட் எதுவும் சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனரோடு சேர்ந்தாலும் விஷ வாயுதான். சிறிய, ஜன்னல் குறைந்த அறையில் இது உயிருக்கே ஆபத்து. புளிப்பு வேலை ஒரு நாள், ப்ளீச் வேலை வேறொரு நாள். கதவைத் திறந்துவைத்து, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, ஒற்றை டிஷ்யூத் தாளை அதன் முகப்பில் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் ஃபேன் இழுக்கிறது. விழுந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு முகப்பைக் கழற்றித் தூசியைத் துடையுங்கள். பெரும்பாலும் அதுதான் குறை. கதவுக்கு அடியில் இடைவெளியே இல்லாவிட்டால் ஃபேன் சுற்றினாலும் பயனில்லை, வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டுமே. கதவைச் சற்றுத் திறந்துவையுங்கள். குளித்து முடித்து 20, 30 நிமிடமாவது ஃபேன் ஓடட்டும்.

சுவரின் ஒரே ஒரு பகுதி மட்டும் எப்போதும் ஈரமாக இருந்தால், அந்த இடத்தைத் துடைத்துவிட்டு ஒரு சாண் அகலத் தெளிவான பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறையின் நீராவி, காற்றோட்டத்தைக் கூட்டினால் போதும். உள்பக்கம், சுவரை ஒட்டி, துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. படம் எடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், அதன் மேல் எதையும் ஒட்டாதீர்கள். இந்தச் சோதனை எனக்கு அந்த இரண்டாவது வீட்டில் தெரியாமல் போயிற்று.

அறிகுறி: எவ்வளவு கழுவினாலும் வாடை

தரைச் சாக்கடை வாய்க்குக் கீழே வளைவில் எப்போதும் சுமார் 5 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். சாக்கடைக் காற்றுக்கு அதுதான் தடுப்பு. அதிகம் பயன்படாத வாய் என்றால் அந்தத் தண்ணீர் காய்ந்துபோகும், வாடை நேராக மேலே வரும். ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் சில நிமிடத்தில் வாடை அடங்கும். வெகுநாள் ஊருக்குப் போகிறீர்களா? ஊற்றிய தண்ணீர் மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டுவிட்டால் சீக்கிரம் காயாது.

தண்ணீர் இருந்தும் வாடை வந்தால் சல்லடையைத் தூக்கி, சிக்கிய முடியையும் வழவழப்பையும் எடுங்கள். கமோடின் அடியிலிருந்து வாடை வந்தாலோ, உட்காரும்போது கமோடு ஆடினாலோ அது பழுது. வாசனைத் திரவியத்தில் காசு போடாமல் ஆளை வரவழைக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: எல்லாம் சுத்தமாகிவிட்டது, ஆனாலும் அறை சோகமாக இருக்கிறது

இப்போதுதான் அழகு வேலை தொடங்குகிறது. முதலில் வெளிச்சம். என் அனுபவத்தில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய மாற்றம் வேறு எதிலும் கிடைத்ததில்லை.

பல வாடகைக் குளியலறைகளில் கூரை நடுவே ஒரே ஒரு நீல வெள்ளை பல்பு இருக்கும். அது சுமார் 6500 கெல்வின். கெல்வின் என்பது இங்கே வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். இளஞ்சிவப்பு, பழுப்பு, மஞ்சள் டைல்ஸ் அந்த வெளிச்சத்தில் அழுக்குப் பிடித்த மாதிரி தெரியும். கண்ணாடியில் நம் முகமே காய்ச்சல்காரர் முகம் போல இருக்கும். அந்த நிற டைல்ஸ்களுக்கு 2700 முதல் 3000 கெல்வின் பல்பு போட்டுப் பாருங்கள். நீலம், பச்சை, சாம்பல் டைல்ஸ்களுக்கு அந்தச் சூடான வெளிச்சம் ஒத்துவராது, சேறு பூசியது போலாகும். அதற்கு 4000 கெல்வின். பல்பின் பெட்டியில் சிஆர்ஐ என்று ஓர் எண் இருக்கும்; நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. 90 அல்லது அதற்கு மேல் கிடைத்தால் வாங்குங்கள். மூடிய கண்ணாடிக் கூடுக்குள் போடுவதானால், மூடிய விளக்குக்கு ஏற்றது என்று பெட்டியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெப்பம் தேங்கிச் சீக்கிரம் போய்விடும்.

கூரை விளக்கு மட்டும் இருந்தால் கண்ணுக்கும் மூக்குக்கும் கீழே நிழல் விழும். சார்ஜ் செய்து ஒட்டிவைக்கும் சிறு விளக்குகளைக் கண்ணாடியின் இரு பக்கமும், முகத்தின் உயரத்தில் வையுங்கள். வயர் இழுக்கும் வேலை எதிலும் நாமாக இறங்கக் கூடாது.

அறிகுறி: டைல்ஸ் நிறமே பிடிக்கவில்லை

என்னுடைய நான்காவது வீட்டில் டைல்ஸ் அடர் பச்சை. முதலில் அதை மறைக்க வழி தேடினேன். பிறகு தோழி ஒருத்தி சொன்ன யோசனைப்படி, பச்சையோடு சண்டை போடாமல் அதையே சேர்த்துக்கொண்டேன்: அதே பச்சையில் ஒரு டவல், ஒரு சோப்புக் கிண்ணம், மற்றவை எல்லாம் வெள்ளை. நிறம் வேறு இரண்டு இடத்தில் திரும்ப வந்ததும், யாரோ யோசித்துத் தேர்ந்தெடுத்த அறை மாதிரி ஆகிவிட்டது. பொருத்தமில்லாத ஐந்தாறு நிறங்கள் சுற்றிலும் இருப்பதால்தான் பெரும்பாலும் டைல்ஸ் மேல் பழி விழுகிறது. ஷாம்பூ, கிளீனர் பாட்டில்களின் பளபள லேபிள்களை ஒரு கூடைக்குள் போட்டு மூடிப் பாருங்கள், அறை உடனே அமைதியாகும்.

பெரிய பரப்பை மறைக்க இன்னொரு வழி திரைச்சீலை. சுவருக்குச் சுவர் ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கும் கம்பிக்கு ஓட்டை வேண்டாம். கம்பியை முடிந்தவரை கூரைக்கு அருகே மாட்டி, தரையை ஒட்டும் நீளத் திரை போட்டால் அறை உயரமாகத் தெரியும். கம்பியை அதன் அதிகபட்ச நீளத்துக்கு இழுக்காதீர்கள். அங்கேதான் தொய்ந்து விழும். ஒரு அளவு பெரிதாகவே வாங்குங்கள்.

அப்படியும் ஸ்டிக்கர்தான் வேண்டும் என்றால், மேலே சொன்ன பிளாஸ்டிக் தாள் சோதனையில் தேறிய, ஷவர் தண்ணீர் நேராகப் படாத, பளபளப்பான டைல்ஸ் மேல் மட்டும் ஒட்டுங்கள். பெயின்ட் சுவரில் ஒட்டினால் உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும். ஒரே ஒரு துண்டை ஓரமாக ஒட்டி, ஒரு வாரம் கழித்து உரித்துப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள். டைல்ஸ் இடுக்குகளை நிறம் மாற்றும் பேனா விற்கிறார்கள். அது பெயின்ட்தான், திரும்ப எடுப்பது கடினம். அனுமதி இல்லாமல் தொடாதீர்கள்.

அறிகுறி: ஒட்டின கொக்கியெல்லாம் ராத்திரியில் விழுகிறது

கொக்கியைக் குறை சொல்லும் முன் டைல்ஸைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சோப்புப் படலம் அங்கே இருக்கிறது. பசை அதன் மேல்தான் ஒட்டுகிறது, டைல்ஸ் மேல் இல்லை. முதலில் வினிகரால் துடைத்துக் கழுவி, காயவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒரு தடவை துடையுங்கள். கொக்கியை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உடனே எதையும் மாட்டாதீர்கள். உறையில் 1 மணி நேரம் என்று இருந்தாலும், குளியலறையில் நான் ஒரு நாள் முழுக்க விடுகிறேன், அதற்குள் யாரும் அங்கே சுடுதண்ணீரில் குளிப்பதில்லை.

உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர்க் கொக்கிகள் நிற்பது வெளிக்காற்றின் அழுத்தத்தால். சொரசொரப்பான டைல்ஸிலும் இடுக்கின் மேலும் காற்று உள்ளே நுழைந்துவிடும். வழவழப்பான டைல்ஸின் நடுவில், ரப்பரைச் சுடுதண்ணீரில் போட்டு இளக்கி ஒட்டுங்கள். கனமான பொருள் எதற்கும் ஒட்டுக் கொக்கியை நம்ப வேண்டாம். கதவின் மேல் மாட்டும் கொக்கிப் பட்டை, தரையில் நிற்கும் ஒல்லியான அலமாரி, ஷவர் கழுத்தில் தொங்கும் தட்டு, இவை பசையே இல்லாமல் நிற்கும்.

அறிகுறி: தரை கறையாகவோ விரிசலாகவோ இருக்கிறது

ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் அல்லது மரப் பலகைகள் போடலாம். அடியில் தண்ணீர் ஓடும்படி கால் இருக்க வேண்டும், வாரம் ஒரு முறை தூக்கிக் கழுவ வேண்டும். கழுவ நேரம் இல்லாதவர்கள் போடவே வேண்டாம். வினைல் தரை மேல் ரப்பர் அடியுள்ள மிதியடியை மாதக்கணக்கில் விட்டால் மஞ்சள் கறை நிரந்தரமாகிவிடும். துணி மிதியடி போடுங்கள்.

அறிகுறி: கண்ணாடியின் ஓரம் கறுத்துவிட்டது

பின்னால் உள்ள வெள்ளிப் பூச்சுக்குள் ஈரம் போய்விட்டது. எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது. இலேசான சட்டம் ஒன்றை ஒட்டு டேப்பில் மேலே வைத்து ஓரத்தை மறைக்கலாம், அல்லது உங்கள் சொந்தக் கண்ணாடியைக் கொக்கியில் தொங்கவிடலாம்.

அறிகுறி: கமோடு மூடி மஞ்சளித்துவிட்டது, ஷவர் பிடிக்கவில்லை

இரண்டையும் கழற்றி மாற்றலாம், போகும்போது பழையதைத் திரும்ப மாட்டலாம். மூடி வாங்கும் முன் இரண்டு போல்ட் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்குத் தூரம், துளையிலிருந்து முன் விளிம்பு வரை நீளம், அகலம் மூன்றையும் அளந்து கொண்டுபோங்கள். ஷவர் தலை பெரும்பாலும் அரை இஞ்ச் மரையில் இருக்கும். பழையதைக் கழற்றி, மரையைத் துடைத்து, நீங்கள் முறுக்கப்போகும் திசையிலேயே டெஃப்லான் டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி, கையால் முறுக்குங்கள். சொட்டினால் மட்டும் துணி வைத்து ஸ்பேனரால் கால் சுற்று. கழுத்துக் குழாயே சேர்ந்து திரும்பினால் நிறுத்திவிடுங்கள். சுவருக்குள் உடைந்தால் பெரிய வேலை.

கமோடுக்குள் எப்போதும் மெல்லிய தண்ணீர்க் கோடும், அதன் வழியே பழுப்புத் தடமும் இருந்தால் தொட்டியில் சில துளி உணவு நிறம் விடுங்கள். அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருந்து பாருங்கள். நிறம் கீழே வந்திருந்தால் உள்ளே ரப்பர் மூடி தேய்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் அந்தத் தடத்தைத் தேய்ப்பது வீண் உழைப்பு.

காலி செய்யும் வாரத்தில்

ஸ்டிக்கரையும் கொக்கியையும் வெடுக்கென்று பிடுங்காதீர்கள். இழுக்கும் வால் உள்ள டேப் என்றால், சுவரை ஒட்டியே நேராகக் கீழே மெல்ல நீட்டி இழுங்கள். மற்றவற்றுக்கு ஹேர் டிரையர் சூட்டை ஒரு நிமிடம் காட்டி, மூலையிலிருந்து சாய்வாக உரியுங்கள். டிரையரைப் பிடிக்கும்போது தரையும் கையும் காய்ந்திருக்க வேண்டும். டைல்ஸில் மிஞ்சிய பசைக்குச் சமையல் எண்ணெய் தடவி 10 நிமிடம் விட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தால் துடைத்தால் போய்விடும். பெயின்ட் மேல் எண்ணெய் வேண்டாம். அட்டைப்பெட்டியை இறக்கி, பழைய பல்பு, ஷவர் தலை, மூடியை அதனதன் இடத்தில் மாட்டுங்கள். குடிவந்த நாளில் எடுத்த அதே கோணங்களில் மறுபடியும் படம் எடுத்துவிட்டு, உங்கள் ஷவரையும் கொக்கிகளையும் அந்தப் பெட்டியிலேயே போட்டுக் கட்டுங்கள்.